உழுதவன் கணக்குப் பார்த்தான்!

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது" என்பார்கள். களத்துமேட்டில் நெல் அளந்து முடிந்தபிறகு, வெறுங்கோணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீடு திரும்பிய எவனோ ஒருவனுடைய பெருமூச்சுத்தான் அப்படிப் பழமொழியாக உருவெடுத்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பெருமூச்சையும் தமக்குச் சாதகமாகத் திருப்பிக்கொண்ட சமர்த்தர்கள் உண்டு. "பார்த்தாயா, உழுதவனுக்குக் கணக்கு ஒத்துவராது! ஏர் உன்னிடம் இருக்கட்டும். ஏடு எங்களிடம் இருக்கட்டும். இலாபமா, நட்டமா என்பதை நாங்கள் சொல்லுகிறோம், நீ கேட்டுக்கொள்!" — பழமொழிக்கு அவர்கள் எழுதிய பதவுரையும் பொழிப்புரையும் விருத்தியுரையும் இதுதான்.

ஒரு தொழிற்சாலையை மூட வேண்டுமா? நட்டம் என்று ஒரு சொல் போதும். பொதுமக்கள் சொத்தைத் தனியாருக்குத் தாரை வார்க்க வேண்டுமா? அதற்கும் நட்டம் என்ற அதே சொல் போதும். அந்தச் சொல் காதில் விழுந்ததும், கூர்மையான நாவினர்கூடக் குரல் தாழ்த்திவிடுகின்றனர். "நட்டத்திலே ஓடுகிறதாமே, என்ன செய்வது?" என்று நம்மிலும் சிலர் தலையசைக்கின்றனர். அது யார் போட்ட கணக்கு, எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்று கேட்க நா எழுவதில்லை.

கேட்டவர்கள் இருக்கிறார்கள், தோழர்களே! கேட்டதோடு நில்லாமல், ஏட்டைத் தம் கையில் வாங்கிக் கூட்டிக் கழித்துக் காட்டியவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்துக்கு மேற்கே, மலையும் மழையும் மண்டிக் கிடக்கும் வேல்ஸ் நாட்டிலே, டவர் என்ற சிறியதொரு நிலக்கரிச் சுரங்கத்திலே, 239 பேர் அதைச் செய்தார்கள். அவர்கள் கதையைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

கோபுரத்தின் நிழலில்

வேல்ஸின் தென்பகுதியில் அபர்டேர் என்றோர் ஊர். அதற்கு அப்பால், மலையடிவாரத்தில் ஹிர்வைன் என்றொரு சிற்றூர். அதன் பக்கத்தில் இருந்தது டவர் சுரங்கம். டவர் என்றால் கோபுரம். பாதாளத்தில் கரி தோண்டும் குழிக்குக் கோபுரம் என்று பெயர் வந்த விந்தை எப்படி நேர்ந்தது? 1848-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் கிராஷே என்ற இரும்பாலைச் சீமான், அங்கே மேட்டு நிலத்தில் தனக்கென ஒரு கோபுரம் கட்டிக்கொண்டான். 1864-இல் அதனருகே மலையைச் சாய்வாகக் குடைந்து சுரங்கம் வெட்டத் தொடங்கியபோது, சீமானின் கோபுரமே சுரங்கத்துக்கும் பெயராயிற்று. மண்ணுக்கு மேலே மாளிகையார் மகிழ்ந்திருக்கக் கோபுரம்! மண்ணுக்குக் கீழே மனிதர் மூச்சுத் திணறக் கோபுரம்! பெயர் ஒன்று, வாழ்வு இரண்டு.

அந்தக் கோபுரம் எழுவதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே அந்த மண் ஒருமுறை கொதித்து எழுந்தது. 1831-ஆம் ஆண்டு. பிரான்சிஸின் தந்தை வில்லியம் கிராஷே, மெர்தர் நகரத்து இரும்பாலைகளின் அதிபதி. இரும்பு விலை சரிந்தது. உடனே கூலியைக் குறைத்தார். கூலி குறைந்ததும் கடன் ஏறிற்று. கடன் நீதிமன்றத்து ஆட்கள் ஏழை வீடுகளில் புகுந்து, தட்டையும் முட்டையும் தூக்கிச் சென்றனர். பொறுத்துப் பார்த்த மக்கள் பொங்கினர். கன்றின் குருதியில் தோய்த்த துணி ஒன்று கொடியாக உயர்ந்தது. உழைப்பவர் போராட்டத்தின் சின்னமாகச் செங்கொடி உயர்ந்த முதல் களங்களில் ஒன்று என வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடும் இடம் எது தெரியுமா? அதே ஹிர்வைன் மேய்ச்சல் வெளிதான்!

1831 ஜூன் 3-ஆம் நாள் மெர்தர் நகரத்துத் தெருவில் படைவீரர்கள் சுட்டனர். குறைந்தது பதினாறு பேர் மாண்டனர். கொடியில் தோய்ந்தது கன்றின் குருதி. தெருவில் தோய்ந்தது மக்களின் குருதி. போர்வீரன் ஒருவனைக் காயப்படுத்தினான் என்று டிக் பெண்டெரின் என்ற இளைஞனைப் பிடித்தனர். வயது இருபத்து மூன்று. அவன் குற்றமற்றவன் என்று பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டு விண்ணப்பித்தனர். ஆள்வோர் காதில் அது ஏறவில்லை. ஆகஸ்டு 13-ஆம் நாள் கார்டிப் நகரில் அவனைத் தூக்கிலிட்டனர். பல ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவில் சாகுந்தறுவாயில் இருந்த வேறொருவன், அந்தச் செயலைச் செய்தது நானே என்று ஒப்புக்கொண்டான். உண்மை வந்தது, உயிர் வரவில்லை.

குருதி உலர்ந்த அந்த மண்ணில்தான் கோபுரம் எழுந்தது. கோபுரத்தின் பெயரில்தான் சுரங்கம் பிறந்தது.

உயிரின் விலை

தனியார் ஏட்டில் கணக்கு எப்படி எழுதப்பட்டது என்பதற்கு ஒரே ஒரு பக்கத்தைப் புரட்டிக் காட்டுகிறேன். 1913-ஆம் ஆண்டு. தென்வேல்ஸ் சுரங்கங்களின் பொற்காலம் என்று புகழப்படும் ஆண்டு. சுமார் 2,30,000 பேர் நிலத்துக்குள் இறங்கி, ஏறத்தாழ 5 கோடியே 70 இலட்சம் டன் கரியை வெளியே கொணர்ந்தார்கள். உலகக் கடல்களில் ஓடிய கப்பல்கள் அந்தக் கரியை உண்டு ஓடின.

அதே ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள், செங்ஹெனித் என்ற ஊரில் இருந்த சுரங்கம் வெடித்தது. சுரங்கத்துக்குள் இருந்தோர் 439 பேர் மாண்டனர். மீட்கச் சென்றவர் ஒருவரும் மாண்டார். ஆக, 440 உயிர்கள். விசாரணை நடந்தது. விதிமுறைகள் மீறப்பட்டிருந்தன என்று தெரிந்தது. வழக்கு நடந்தது. மேலாளருக்குத் தண்டனை என்ன? 24 பவுண்டு அபராதம்! கூட்டிக் கழிக்கத் தெரிந்தவர்கள் 24 பவுண்டை 440-ஆல் வகுத்துப் பாருங்கள். உயிர் ஒன்றுக்கு ஒரு ஷில்லிங்கும் ஒரு பென்னியும் சில்லறையும் வரும். இலாபக் கணக்கை நுணுக்கமாக எழுதத் தெரிந்தவர்களுக்கு, அப்பனை இழந்த பிள்ளையின் பசியை எந்தப் பத்தியில் எழுதுவது என்று மட்டும் தெரியாமற் போயிற்று!

பலகை மாறியது, பழக்கம் மாறியதா?

1947 ஜனவரி 1. பிரிட்டனின் சுரங்கங்கள் நாட்டுடைமையாயின. சுரங்கந்தோறும் புதுப்பலகை ஏறியது: மக்களின் சார்பில் இச்சுரங்கத்தைத் தேசிய நிலக்கரி வாரியம் நடத்துகிறது என்பது அதன் பொருள். தலைமுறை தலைமுறையாகக் கரியோடு குருதியும் சிந்திய குடும்பங்கள் அந்தப் பலகையை அண்ணாந்து பார்த்து ஆனந்தக் கண்ணீர் விட்டதில் வியப்பென்ன?

அந்த மாற்றம் சிறிதன்று. நாட்டுடைமையைக் கேலி செய்வோர் பக்கத்தில் நாம் நிற்பவர்கள் அல்லோம். ஆயினும், தோழர்களே, நமக்குள்ளே ஓர் உண்மையைப் பேசிக்கொள்ளத் தயங்கக் கூடாது. பலகை மாறியதும் எல்லாம் மாறிவிட்டதா?

1962-இல் டவர் சுரங்கத்தில் வெடிப்பு. ஒன்பது பேர் மாண்டனர். 1966 அக்டோபர் 21-ஆம் நாள், அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத அபர்வான் என்ற ஊரில் நடந்ததோ, எழுதும் கையை நடுங்க வைப்பது. சுரங்கக் கழிவு மலைபோல் குவிக்கப்பட்டிருந்தது. அடியில் ஊற்று, மேலே மழை. குவியல் சரிந்தது, பள்ளிக்கூடத்தை மூடியது. மாண்டவர் 144 பேர்; அவருள் 116 பேர் குழந்தைகள்! பள்ளிக்குப் பின்னே கரிச்சேற்றைக் கொட்டுகிறீர்கள், ஆபத்து என்று நகராட்சி 1963-லேயே வாரியத்துக்குக் கடிதம் எழுதியிருந்தது. மக்களின் சார்பில் நடந்த வாரியம், மக்கள் எழுதிய கடிதத்தைப் பொருட்படுத்தவில்லை. விசாரணை மன்றம் வாரியத்தின்மீதே பழி சுமத்தியது. அதன்பிறகாவது வெட்கம் வந்ததா? எஞ்சிய குவியல்களை அகற்றும் செலவுக்கென்று, பிள்ளைகளைப் பறிகொடுத்தோருக்காக உலகம் அனுப்பிய நன்கொடை நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டை எடுத்துக்கொண்டனர். 1997-இல்தான் அத்தொகை திருப்பித் தரப்பட்டது; அதுவும் வட்டியில்லாமல்!

இதை ஏன் சொல்கிறேன்? சொத்து மக்களுடையதாவது முதற்படி. அந்தச் சொத்தைப் பற்றி மக்கள் பேசும் சொல்லுக்கு மதிப்பு இருக்க வேண்டும் என்பது இரண்டாம் படி. முதற்படியில் ஏறி நின்றுகொண்டு மாடிக்கு வந்துவிட்டோம் என்று மகிழ்பவன் மழையில் நனைவான். மக்களுக்குக் காது கொடாத வாரியம், பிற்காலத்தில் மக்கள் சொத்தையே மூடுவதற்கு வசதியான கருவியாயிற்று. அதைத்தான் அடுத்துக் காண்கிறோம்.

இருபது என்றார்கள்

1984 மார்ச்சு மாதம். பிரதமர் நாற்காலியில் மார்கரெட் தாட்சர். வாரியத் தலைவர் இயன் மக்கிரகர். இருபது சுரங்கங்கள் மூடப்படும், இருபதாயிரம் பேர் வேலை இழப்பர் என்று அறிவிப்பு. "இருபதோடு நிற்கப் போவதில்லை, பெரும் பட்டியல் ஒன்றை மறைத்து வைத்திருக்கிறார்கள்" என்று சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஆர்தர் ஸ்கார்கில் குற்றம் சாட்டினார். "பொய்! புரளி! பீதி கிளப்புகிறார்!" என்றது அரசு. ஏடுகள் பல அதையே எதிரொலித்தன.

வேலைநிறுத்தம் ஓராண்டு நீடித்தது. தென்வேல்ஸ் பள்ளத்தாக்குகள் கட்டுக்கோப்போடு நின்றன. பெண்கள் பொதுச் சமையற்கூடம் நடத்தினர். அடுப்பில் பூனை உறங்கிய வீடுகளிலும் உறுதி உறங்கவில்லை. 1985 மார்ச்சு மாதம், வெற்றி இல்லாமலே, சங்கக் கொடிகளை உயர்த்திப் பிடித்தபடி வேலைக்குத் திரும்பினர்.

முப்பது ஆண்டுகள் உருண்டன. 2014 ஜனவரியில் அமைச்சரவையின் பழைய இரகசிய ஆவணங்கள் வெளியிடப்பட்டன. அவற்றில் இருந்தது என்ன? 75 சுரங்கங்களை மூன்றாண்டுகளில் மூடுவது என்ற மக்கிரகரின் திட்டம்! வேலைநிறுத்தம் தொடங்குவதற்கு முன்பே, 1983-லேயே, அரசின் உயர்மட்டத்தில் பேசப்பட்ட திட்டம்! இருபது என்று சொன்ன வாய்க்குள் எழுபத்தைந்து இருந்தது. நட்டக் கணக்கு எழுதுவோரின் நாணயம் இவ்வளவுதான், தோழர்களே! எண்ணிக்கையையே மறைப்பவன் எண்களைச் சரியாகக் கூட்டியிருப்பான் என்று நம்பச் சொல்கிறார்கள்!

நட்டம் பிறந்த கதை

பிறகு ஒன்றன்பின் ஒன்றாக விளக்குகள் அணைந்தன. டவர் சுரங்கத்தோடு நிலத்தடியில் இணைக்கப்பட்டிருந்த மார்டி சுரங்கம் 1990 டிசம்பரில் மூடப்பட்டது. 1992 அக்டோபரில் அமைச்சர் மைக்கேல் ஹெசல்டைன், எஞ்சியிருந்த ஐம்பதில் 31 சுரங்கங்கள் மூடப்படும், முப்பதாயிரம் பேர் வெளியேற வேண்டும் என்றார். இலண்டன் தெருக்களில் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டு எதிர்த்தனர். தேதி சற்றுத் தள்ளிப் போயிற்று, அவ்வளவே.

காரணம்? பழைய பல்லவிதான்: நட்டம். அந்த நட்டம் எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். கரியின் பெரிய வாடிக்கை மின் நிலையங்கள். 1990-இல் தொடங்கி மின்துறையைத் தனியாரிடம் விற்றனர். வாங்கிய தனியார் எரிவாயுவின் பக்கம் ஓடினர். கரி வாங்குவது குறைந்தது. வாடிக்கையை விரட்டிவிட்டு, வியாபாரம் இல்லை என்று கடையைச் சாத்துவது கணக்கா? கதவைச் சாத்திவிட்டு வீடு இருட்டு என்று புலம்புவது போலல்லவா அது!

இன்னொன்றும் உண்டு. சுரங்கத்தை மூடினால் மிச்சமாகும் தொகையை ஒரு பத்தியில் எழுதினார்கள். வேலை இழந்தவனுக்கு அரசு தர வேண்டிய உதவிப் பணம், அவன் கட்டாமல் விடும் வரி, அவன் வாங்காமல் விடுவதால் படுத்துப்போகும் கடைத்தெரு, ஊரைவிட்டு வெளியேறும் இளைஞர் — இவற்றை அந்தச் சுரங்கத்தின் ஏட்டில் எழுதினார்களா? இல்லை. அவை வேறு ஏடு, வேறு அலுவலகம், வேறு அதிகாரி! கை வெட்டியவன் கத்திக்கு ஆன செலவை மட்டும் எழுதுகிறான். கட்டுப் போடும் செலவு மருத்துவமனைக் கணக்கில் போய்விடுகிறது.

1994 ஏப்ரலில் டவரின் முறை வந்தது. அத்தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர் ஆன் குளூயிட் அம்மையார், சுரங்கத்துக்குள் இறங்கி 27 மணிநேரம் மறியல் இருந்தார். பாராளுமன்ற இருக்கையைவிடப் பாதாளத்துப் பாறையே அன்று மக்கள் குரலுக்கு ஏற்ற மேடையாகத் தோன்றிற்று அவருக்கு! ஆயினும் ஏப்ரல் 22-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது.

வெளியே போ என்று தந்த பணம்

இங்கேதான், தோழர்களே, கதை திரும்புகிறது. நாடகாசிரியன் கற்பனையில் எழுதியிருந்தால், "இது நடக்கக்கூடியதா?" என்று கேட்டிருப்பீர்கள்.

வேலை போனவர்களுக்கு இழப்பீட்டுத் தொகை கிடைத்தது. இந்தப் பணத்தை வாங்கிக்கொள், வீட்டுக்குப் போ, இனி இந்தப் பக்கம் வராதே என்பது அதன் உட்பொருள். டைரோன் ஓ'சல்லிவன் சங்கத்தின் கிளைச் செயலாளர். அவரும் தோழர்களும் கூடிப் பேசினர். ஆளுக்கு எட்டாயிரம் பவுண்டு போட முடிவு செய்தனர். 239 பேர், தலைக்கு 8,000 பவுண்டு. பெருக்கிப் பாருங்கள்: 19 இலட்சத்து 12 ஆயிரம். அதை வைத்துக்கொண்டு, ஏறத்தாழ இருபது இலட்சம் பவுண்டுக்குச் சுரங்கத்தையே விலைக்குக் கேட்டனர்!

வெளியே போ என்று கொடுத்த பணத்தைக் கொண்டே உள்ளே வருகிறோம் என்றனர். மேசைக்கு இப்பக்கம் அரசின் கணக்கர், அப்பக்கம் கைவிரல் நகங்களில் கரி படிந்த ஒருவர். அங்கே நடந்திருக்கக்கூடிய உரையாடலை நான் மேடையேற்றினால் இப்படித்தான் எழுதுவேன்:

"ஐயா, இது நட்டச் சுரங்கம். உங்கள் சேமிப்பை ஏன் பாழாக்குகிறீர்கள்?"

"நட்டம் என்று யார் சொன்னது?"

"எங்கள் ஏடு சொல்கிறது."

"உங்கள் ஏடு சுரங்கத்துக்குள் இறங்கியதுண்டா?"

"அதெப்படி இறங்கும்?"

"நாங்கள் இறங்கியிருக்கிறோம். எந்த அடுக்கில் எவ்வளவு கரி மிச்சம் என்று எங்கள் முழங்கைக்குத் தெரியும், முதுகுக்குத் தெரியும். ஏட்டை இப்படிக் கொடுங்கள்."

கற்பனை அதோடு நிற்கட்டும்; நடந்ததைச் சொல்கிறேன். 1995 ஜனவரி 2. நாட்டுடைமைப் பலகை ஏறிய நாளுக்கு நாற்பத்தெட்டு ஆண்டுகளும் ஒரு நாளும் கழித்து, டவர் சுரங்கத்துத் தொழிலாளர்கள் சங்கக் கொடியேந்தி அணிவகுத்துச் சென்று வேலையைத் தொடங்கினர்; கூலிகளாக மட்டுமன்று, உரிமையாளர்களாகவும்! சீமான் கட்டிய கோபுரத்தின் பெயர் சுமந்த சுரங்கம், செங்கொடி உயர்ந்த மண்ணின் பிள்ளைகளுக்கே சொந்தமாயிற்று.

தொழிலாளிக்கு நிருவாகம் தெரியுமா என்று கேட்பாரே, அவருக்கும் விடை உண்டு. நிலக்கரி வாரியத்தின் தென்வேல்ஸ் பகுதி இயக்குநராக முன்பு இருந்த பிலிப் வீக்ஸ், தொழிலாளர் நிறுவனத்தின் தலைவரானார். முன்பு அறிவு முதலாளிக்கு ஊழியம் செய்தது; இப்போது அதே அறிவு தொழிலாளிக்கு ஊழியம் செய்தது. நிருவாகம் என்பது பிறவியிலேயே சிலர் நெற்றியில் எழுதிவிட்ட வித்தையன்று. அமர்த்திக்கொள்ளவும் கூடும், கற்றுக்கொள்ளவும் கூடும்.

விளைவு? நட்டம் என்று முத்திரை குத்தப்பட்ட சுரங்கம் இலாபம் ஈட்டியது. அதே மலை, அதே கரி. பதின்மூன்று ஆண்டுகள் அது ஓடியது! அந்தப் பதின்மூன்று ஆண்டுகளும் பொருளாதாரப் பண்டிதர்களின் கன்னத்தில் பளீர் பளீரென விழுந்த பதின்மூன்று அறைகள் அல்லவா! அலன் ஹாடினாட் என்ற வேல்ஸ் நாட்டு இசையமைப்பாளர், இந்த வரலாற்றை இசை நாடகமாக்கி 1999-இல் அரங்கேற்றினார். இசை நாடகங்களில் இளவரசர்கள் பாடிப் பார்த்திருக்கிறோம். அங்கே கரித்தொழிலாளி பாடினான்!

எதிர்வாதம் என்ன?

எதிரிகள் சும்மா இருப்பார்களா? இருக்க மாட்டார்கள். நம் நண்பர்களிலும் சிலர் ஐயம் எழுப்புவார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"இது ஒரு சுரங்கத்தின் நல்வாய்ப்பு. எல்லா இடத்திலும் இது நடக்குமா?" என்பார் ஒருவர். நடக்காமலும் போகலாம். ஆனால் நாம் கேட்பது வேறு. டவரைப் பற்றி அரசின் ஏடு சொன்னது பிழை என்று நிரூபணமாகிவிட்டது. அதே பேனா, அதே மை, அதே கையால் மூடப்பட்ட மற்றச் சுரங்கங்களைப் பற்றிச் சொன்னது மட்டும் சரி என்று எப்படி நம்புவது? அந்தச் சுரங்கங்களை ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு எவருக்கும் கிடைக்கவில்லையே! பத்துப் பேரைத் தூக்கிலிட்டபிறகு, பதினோராவது ஆள் குற்றமற்றவன் என்று தெரிந்தால், நேர்மையுள்ள நீதிபதி முதல் பத்துத் தீர்ப்பையும் எடுத்துப் படிப்பான். ஹிர்வைன் மண்ணுக்கு அந்தப் பாடம் டிக் பெண்டெரின் காலத்திலேயே தெரியும்.

"தொழிலாளி முதலாளியாகிவிட்டான், இதிலென்ன சமதர்மம்?" என்பார் இன்னொருவர். நியாயமான கேள்வி. எட்டாயிரம் பவுண்டு இழப்பீடு கையில் இல்லாதவனுக்கு இந்த வழி இல்லை என்பதும் உண்மை. தொழிலாளி தன் முதுமைக்கான சேமிப்பைப் பணயம் வைத்துத்தான் வேலையைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பது ஒரு நாகரிக நாட்டுக்குப் பெருமையா? இல்லை. அரசு செய்யத் தவறியதை அந்த 239 பேர் செய்தனர். அதனால் அரசின் கடமை தீர்ந்ததாகாது, குற்றந்தான் பெரிதாகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே ஒருவன் கையில் ஓராயிரம் பங்கு, மற்றவன் கையில் ஒன்றுமில்லை என்ற நிலை இல்லை. ஆளுக்குச் சமமாகப் போட்டனர். தோள் கொடுத்தவர்கள் அனைவரும் ஏட்டையும் பார்த்தனர்.

"கரியின் காலமே போய்விட்டதே! கரிப்புகை பூமியைச் சுட்டெரிக்கிறதே! மூடியது நல்லதுதானே?" என்பார் மூன்றாமவர். கரிப்புகையின் கேட்டை நாம் மறுக்கவில்லை. பிரிட்டனின் கடைசி ஆழ்சுரங்கமான கெல்லிங்லி 2015 டிசம்பரில் மூடப்பட்டது. கடைசிக் கரி மின் நிலையமும் 2024 செப்டம்பர் 30-ஆம் நாள் நின்றுவிட்டது. ஆயினும் 1984-லும் 1992-லும் சுரங்கங்களை மூடியவர்கள் பூமியின் காய்ச்சலைக் காரணம் காட்டவில்லை, நட்டத்தைக் காட்டினர், சங்கத்தின் முதுகெலும்பை முறிப்பதில் மகிழ்ந்தனர். நாளை ஒரு தொழில் மறைந்துதான் ஆக வேண்டும் என்றால், அதில் உழைத்தவனை அழைத்து உட்கார வைத்து, மாற்றுவழியைக் காட்டி, அவன் பிள்ளைக்கு வேலைக்கு உறுதி சொல்லிவிட்டு மூடட்டும். இயற்கையாக வரும் சாவு வேறு. கழுத்தை நெரித்துச் செய்யும் கொலை வேறு. இரண்டிலும் பிணம் விழுகிறது என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடுமா?

டவரின் சாவு இயற்கையான சாவு. வெட்டத்தக்க கரி தீர்ந்தது. 2008 ஜனவரி 25-ஆம் நாள், உழைத்தவர்களே முடிவு செய்து, உழைத்தவர்களே மூடினர். தென்வேல்ஸின் கடைசி ஆழ்சுரங்கம் என்ற பெயரோடு அது கண்ணை மூடியது. 1994-இல் இனி உயிர் இல்லை என்று சான்றிதழ் எழுதப்பட்ட உடல், பதின்மூன்றாண்டு உழைத்துவிட்டு, நிறைவோடு படுத்தது.

இன்று அங்கே

இன்று அந்த இடத்தில் என்ன இருக்கிறது? 2021 முதல், மலைமேலிருந்து கம்பி வடத்தில் தொங்கிக்கொண்டு சறுக்கி மகிழும் கேளிக்கைக் களம் இருக்கிறது. வருவோர் மகிழட்டும், நமக்கு அதிலே வருத்தமில்லை. அவர்கள் காலுக்குக் கீழே பறக்கும் புல்வெளியின் அடியில், ஏட்டைத் தொடத் துணிந்த மனிதர்களின் வரலாறு உறங்குகிறது என்பதை மட்டும் யாரேனும் அவர்களுக்குச் சொல்லட்டும்.

டைரோன் ஓ'சல்லிவன் 2023-இல் மறைந்தார். அவர் விட்டுச் சென்றது பெரும் தத்துவ நூலன்று. ஒரு கூட்டல் கணக்கு. அந்தக் கணக்கை நாம் மனப்பாடம் செய்ய வேண்டும்.

கழகத் தோழனே! ஊர்தோறும் மேடையேறுகிறாய், படிப்பகந்தோறும் பேசுகிறாய். நாளை உன் முன்னே வந்து எவரேனும் நட்டம் என்ற சொல்லை உச்சரித்தால், ஏழைப் பிள்ளைபோல் தலை கவிழாதே. மூன்றே கேள்வி கேள். கணக்கை எழுதிய கை யாருடையது? கணக்கில் எழுதாமல் விட்டது என்ன? உழைத்தவன் அந்த ஏட்டைப் புரட்டிப் பார்த்தானா? இந்த மூன்றுக்கும் நேர்மையான விடை வந்தால், கசப்பாக இருந்தாலும் ஏற்றுக்கொள்வோம்; உண்மைக்கு அஞ்சுபவர்கள் அல்லோம் நாம். விடை வராவிட்டால், அது கணக்கன்று, கண்கட்டு வித்தை என்று ஊரறியச் சொல்!

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று நமக்குச் சொல்லித் தந்தார்கள். மிஞ்சாதது நெல் இல்லாததாலா, அளந்தவன் மரக்கால் சரியில்லாததாலா என்பதை மட்டும் சொல்லவில்லை. ஹிர்வைன் மலையடிவாரத்தில் 239 பேர் மரக்காலைப் பிடுங்கித் தாமே அளந்தார்கள்.

மிஞ்சியது, தோழர்களே! பதின்மூன்று ஆண்டுகளுக்கு மிஞ்சியது!